இரவுக்கு ஒரு எபிசோட்: ஏழு வருட அனுபவம்

ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பத்து எபிசோட் கொண்ட துப்பறியும் தொடர் ஒன்றை ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். விடிந்தபோது கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. அதுகூடப் பரவாயில்லை. அடுத்த மாதம் அந்தத் தொடரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கொலை செய்தது யார் என்பதே எனக்கு நினைவில்லை. பத்து மணி நேரத்துக்கு மிஞ்சியது கழுத்துவலி மட்டும்தான். அன்று வைத்துக்கொண்ட விதிதான் இது: இரவில் ஒரே ஒரு எபிசோட். முடிந்ததும் டிவியை அணைத்துவிட வேண்டும்.

முதல் மாதம் சுத்தமாக முடியவில்லை. என் மன உறுதியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் வேலையைக் கெடுத்தது திரையின் மூலையில் ஓடும் அந்தக் கவுண்ட்டவுன். பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் சில நொடிகளில் அடுத்த எபிசோட் தானாக வந்துவிடுகிறது. நிறுத்த வேண்டுமென்றால் நான் ரிமோட்டைத் தேட வேண்டும். தொடர வேண்டுமென்றால் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தவள் எதைச் செய்வாள்? செட்டிங்ஸில் புகுந்து, தானாக அடுத்தது ஓடும் வசதியை அணைத்தேன். மொபைலில் உள்ள செயலியில் அது கண்ணுக்கே தட்டுப்படவில்லை, கணினியில் கணக்கைத் திறந்த பிறகுதான் கிடைத்தது. அணைத்த நாளிலிருந்து விதி முக்கால்வாசி தானாகவே நின்றுகொண்டது.

மீதி கால்வாசிக்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தேன். இந்தக் காலத்துத் தொடர்களில் எபிசோட் முடிகிற இடம் நிறுத்துவதற்கான இடமே இல்லை. கதவு தட்டப்படும், யாரென்று காட்டாமல் வெட்டிவிடுவார்கள். அதனால் அடுத்த எபிசோடின் முதல் ஐந்து நிமிடத்தையும் பார்த்துவிடுவேன். கதவைத் தட்டியது யார் என்று தெரிந்துவிடும், கொதிப்பு அடங்கும், அங்கே நிறுத்திவிட்டுத் தூங்கப் போவேன். மறுநாள் அந்த இடத்திலிருந்து ஆரம்பித்து, மறுபடி அதற்கடுத்ததில் ஐந்து நிமிடம் வரை. கணக்குப்படி ஒரு எபிசோட்தான். ஏமாற்று வேலை என்பார்கள், இருக்கட்டும்.

ஒரு சீசன் முழுவதையும் ஒரே நாளில் வெளியிடும் வழக்கம் 2013-க்குப் பிறகுதான் பரவலானது. அந்த வருடம் பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 எபிசோடுகளையும் மொத்தமாகக் கொட்டியது. அதுவரை வாரம் ஒன்றுதான் கிடைக்கும், இடையில் ஆறு நாள் நாமே கதையை மென்றுகொண்டிருப்போம். அந்த ஆறு நாளும் பார்ப்பதில் சேர்த்திதான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே தொடரை ஒரு குழுவுக்கு ஒரே அமர்வில், இன்னொரு குழுவுக்குத் தினம் ஒன்று, மூன்றாவது குழுவுக்கு வாரம் ஒன்று என்று காட்டினார்கள். மறுநாள் கேட்டபோது ஒரே அமர்வில் பார்த்தவர்கள்தான் நன்றாகச் சொன்னார்கள். 140 நாள் கழித்துக் கேட்டபோது அவர்களுக்குத்தான் அதிகம் மறந்திருந்தது. படித்ததும் என் வெள்ளிக்கிழமை இரவு ஞாபகம் வந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

சரி, டிவிக்கு வருவோம். புது டிவி வாங்கிய மூன்று மாதம், நல்ல நல்ல படங்கள்கூட மலிவான மெகா சீரியல் போல வழுவழுவென்று தெரிந்தன. நடிகர்கள் திடீரென்று மோசமாக நடிக்க ஆரம்பித்துவிட்டார்களோ என்றே நினைத்தேன். காரணம் மோஷன் ஸ்மூத்திங். சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுகிறது. டிவி நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். 60-ஐ 24-ஆல் வகுத்தால் முழு எண் வராது, அதனால் ஒரு ஃபிரேமை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் காட்ட வேண்டியிருக்கிறது. கேமரா நகரும்போது தெரியும் லேசான திக்கல் இதனால்தான். அதைச் சரிசெய்யப் போய், டிவி தானே நடுவில் இல்லாத ஃபிரேம்களைக் கற்பனை செய்து நுழைத்துவிடுகிறது. 120 தடவை புதுப்பிக்கும் திரையில் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக ஐந்து தடவை வரும், இந்தச் சிக்கலே இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் இந்த வசதிக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதால் தேடிப் பிடிப்பது தலைவலி. 2019-ல் அறிவிக்கப்பட்ட 'ஃபிலிம்மேக்கர் மோட்' உங்கள் டிவியில் இருந்தால் அதைப் போட்டால் போதும், ஸ்மூத்திங் அணைந்துவிடும்.

ஒலிக்கு சப்டைட்டில்தான் என் தீர்வு. மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழேயோ பின்னாலேயோ பார்த்திருக்கிறது, வசனம் சுவரிடம்தான் பேசுகிறது.

பெரிய அடி விழுந்தது நான்காவது வருடம். எட்டு சீசன் கொண்ட ஒரு தொடரில் ஐந்தாவது சீசன் நடுவில் இருந்தேன். ஒருநாள் இரவு தேடினால் ஆளையே காணோம். அந்தத் தளத்துக்கு ஒளிபரப்பு உரிமம் முடிந்துவிட்டதாம். வேகமாகப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை வராது. என் போல ஆமை வேகத்தில் போகிறவர்களுக்கு இது உண்மையான குறை, இந்த முறையை யாருக்கும் பரிந்துரைப்பதற்கு முன் சொல்லியே ஆக வேண்டும். இன்னொரு குறை, பேச ஆள் கிடைக்காது. நான் ஆறாவது எபிசோடில் பரபரத்துக்கொண்டிருப்பேன், என் மகன், "அம்மா, அது போன வருஷமே முடிஞ்ச கதைம்மா" என்பான். முடிவையும் சொல்லிவிடுவான், பாவி.

அதனாலேயே, முடிவு தெரிந்தாலும் கெட்டுப்போகாத ஒன்றைத் தேடினேன். அப்படித்தான் 'கொலம்போ' என்ற பழைய அமெரிக்கத் துப்பறியும் தொடருக்கு வந்து சேர்ந்தேன். 1968-லிருந்து 2003 வரை வந்த 69 கதைகள், எல்லாவற்றிலும் கொலம்போவாக நடித்தவர் பீட்டர் ஃபால்க். கொலையாளி யார் என்பதை அனேகமாக ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். எப்படி மாட்டிக்கொள்ளப்போகிறான் என்பது மட்டும்தான் கதை. பணமும் படிப்பும் உள்ள ஒருவன் நுணுக்கமாகத் திட்டம் போட்டுக் கொல்வான். கசங்கிய மழைக்கோட்டுடன் கொலம்போ என்ற போலீஸ்காரர் வருவார், தலையைச் சொறிந்துகொண்டு அசட்டுக் கேள்விகள் கேட்பார், போகிறேன் என்று வாசல் வரை போய்த் திரும்பி இன்னும் ஒன்று கேட்பார். அந்தத் திரும்பல் வரும் என்று நமக்குத் தெரியும், கொலையாளிக்கும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். அந்த மழைக்கோட்டு ஃபால்க் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சொந்தக் கோட்டு. கொலம்போ தன் மனைவியைப் பற்றி ஓயாமல் பேசுவார், அந்த அம்மாளை ஒரு தடவைகூட நமக்குக் காட்டவில்லை. அடித்துப் பிடித்து ஓடும் காட்சிகள் அனேகமாகக் கிடையாது. வேலை முடித்து வந்த மூளைக்கு இதைவிட இதமானது எனக்கு வாய்த்ததில்லை. தனிப் படங்களாக வந்தது போக, தொடராக 1971-ல் தொடங்கிய முதல் சீசனின் முதல் கதையை இயக்கியது 24 வயது ஸ்டீவன் ஸ்பில்பெர்க் என்பது பிறகுதான் தெரியும். தெரிந்த பின் மறுபடி பார்த்தேன், கேமரா வைத்திருக்கும் இடங்களில் ஆள் தெரிகிறார்.

ஒரே சிக்கல், நீளம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தைத் தாண்டும், சிலது ஒன்றரை மணி நேரம். என் விதிக்கு ஒத்துவராது. ஆனால் கதையே நடுவில் ஒரு மடிப்பு வைத்திருக்கிறது: கொலை நடந்து, தடயம் அழிக்கப்பட்டு, கொலையாளி நிம்மதியாக மூச்சுவிடும் வரை கொலம்போ பெரும்பாலும் தலைகாட்டுவதே இல்லை. அதனால் சனிக்கிழமை கொலை, ஞாயிற்றுக்கிழமை விசாரணை என்று பிரித்துக்கொண்டேன். ஒரு இரவு முழுக்க அந்தக் கொலைகாரனை நிம்மதியாக விட்டுவைப்பதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது. விட்டுப்போன ஏதாவது தடயம் அவனுக்கு முன்னால் எனக்குத் தட்டுப்படுகிறதா என்று படுக்கையில் யோசிப்பேன். இதுவரை மூன்று தடவைதான் சரியாகப் பிடித்திருக்கிறேன்.

இப்போது 42-வது கதை ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று ராத்திரி பிணத்தை மறைத்து, கைரேகையெல்லாம் துடைத்தாகிவிட்டது. விளக்கை மட்டும் அவன் அணைக்க மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன். இன்று ராத்திரி பார்க்க வேண்டும்.