'மடியில் வேலை செய்கிறேன்': ஒரு ஸ்பீக்கிங் பயிற்சி ஆப்புடன் மூன்று மாதம்

வெளிநாடு போகக் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐயெல்ட்ஸை முதல் முறை எழுதியபோது ஸ்பீக்கிங்கில் எனக்கு வந்தது 9-க்கு 6. தேவைப்பட்டது 7. வாசிப்பதிலும் கேட்பதிலும் தொல்லை இல்லை. பதினோரு வருடமாக ஆய்வக டெக்னீஷியனாக இருக்கிறேன். கருவிகளின் கையேடு, ரீஏஜென்ட் (சோதனைக்கான ரசாயனம்) பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் எல்லாமே ஆங்கிலம்தான். ஆனால் அந்த ஆங்கிலம் கண் வழியாக உள்ளே போனதே தவிர வாய் வழியாக வெளியே வந்ததில்லை. ஷிப்ட் வாரத்துக்கு ஒரு முறை மாறும் என்பதால் வகுப்பில் சேரவும் வழியில்லை. அதனால் பேச்சுப் பயிற்சிக்கென்றே இருக்கும் ஒரு ஆப்புக்கு மூன்று மாதச் சந்தா கட்டினேன்.

ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கட்டுவதற்கு முன் மூன்று ஆப்களை இலவசமாகத் தொட்டுப் பார்த்தேன். மூன்றும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்: கேள்வி வரும், நாம் பேசுவோம், பேசியது எழுத்தாக மாறித் திரையில் வரும், கீழே ஒரு பேண்ட், அதாவது ஐயெல்ட்ஸ் கணக்கில் மதிப்பெண். நிறம்தான் வேறு.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஸ்பீக்கிங் மொத்தம் 11 முதல் 14 நிமிடம். நேரிலோ வீடியோ அழைப்பிலோ எக்ஸாமினர் ஒருவர் இருப்பார். பேசுவது முழுக்கப் பதிவாகும். முதல் பகுதி நான்கைந்து நிமிடம், வேலை, வீடு, பொழுதுபோக்கு என்று சில்லறைக் கேள்விகள். இரண்டாவதில் கையில் ஒரு கார்டு. யோசிக்க ஒரு நிமிடம், பேச ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம். மூன்றாவதில் அதே தலைப்பை ஒட்டி நான்கைந்து நிமிட விவாதம். தடையில்லாமல் கோர்வையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு கூறுகள், நான்குக்கும் சம எடை. நம் கருத்து சரியா தவறா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. முதல் தேர்வில் எனக்கு இது உறைக்கவில்லை. எக்ஸாமினர் மெச்சும்படி ஒரு கருத்தைத் தேடிக்கொண்டு வாய் மூடி உட்கார்ந்திருந்தேன்.

சரி, ஆப்புக்கு வருகிறேன். முதல் நாள், முதல் கேள்வி: வேலை பார்க்கிறீர்களா, படிக்கிறீர்களா? வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு "ஐ ஒர்க் இன் எ லேப்" என்றேன். திரையில் எழுத்து வந்தது. நான் ஏதோ ஒருவருடைய மடியில் வேலை செய்வதாக ஆப் புரிந்துகொண்டிருந்தது. எதிரொலியால் வந்த கோளாறு என்று நினைத்து மாடிப்படிக்குப் போய்ச் சொன்னேன். மடிதான். கைபேசியை வாயருகே வைத்துச் சொன்னேன். அப்போதும் மடிதான்.

தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'லேப்' என்பதிலேயே நோய் இருக்கிறது. ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தில் முடிந்தால் ஆய்வகம், பதினாறாம் எழுத்தில் முடிந்தால் மடி. என் வாய்க்கு இரண்டும் ஒன்று. ஆப் அந்தச் சொல்லைச் சிவப்பாக்கிக் காட்டியதே தவிர என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. அகராதி ஒன்றில் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டுக் கேட்டபோதுதான் பிடிபட்டது. வித்தியாசம் கடைசி மெய்யில் மட்டும் இல்லை. ஆய்வகத்தில் அதற்கு முன்னால் வரும் உயிர் கொஞ்சம் நீள்கிறது. இழுத்துச் சொன்னேன், மடியிலிருந்து இறங்கினேன். பைக்கும் முதுகுக்கும் அதே கதை, இரண்டுமே நமக்கு 'பேக்'. இப்படி என் வேலையில் தினமும் புழங்கும் நாற்பது சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் உச்சரிப்புக்காக நான் செய்த உருப்படியான வேலை அதுதான். ஆப்பில் வெளிநாட்டு உச்சரிப்பை அப்படியே பாவனை செய்யும் பயிற்சி ஒன்றும் உண்டு. நான்கு நாள் செய்தேன், வீண். தேர்வு கேட்பது தெளிவைத்தான். நம் சாயல் இருந்தால் குற்றமில்லை.

இந்த ஆப்பில் எனக்கு மிகவும் பிடித்தது கார்டு பகுதியின் டைமர். ஒரு நிமிடம் ஓடும், மணி அடிக்கும், பேச வேண்டும். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வழியே கிடையாது. முதல் கார்டு: உங்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தவரைப் பற்றிப் பேசுங்கள். பள்ளி ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொண்டேன். மிக நல்லவர், மிக அன்பானவர், நன்றாகச் சொல்லிக்கொடுப்பார், எல்லோருக்கும் பிடிக்கும். 48 வினாடியில் சரக்கு தீர்ந்தது. மீதி நேரம் மாடிப்படியின் அமைதி பதிவாகியிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அதே கார்டு திரும்ப வந்தது. இந்த முறை ரத்தப் பூச்சு போட, அதாவது மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ரத்தத்தை மெல்லிசாகப் பரப்ப, கற்றுக்கொடுத்த சீனியரைச் சொன்னேன். கண்ணாடித் தகட்டில் ஒரு சிறு சொட்டு. இன்னொரு தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சொட்டைத் தொடும்வரை பின்னால் கொண்டுவர வேண்டும். ரத்தம் விளிம்பு முழுக்கப் பரவியதும் நிற்காமல் ஒரே தள்ளு. கை நடுங்கினால் அலை அலையாக வரும், சொட்டு பெரிதானால் தடித்துவிடும், நுனி இறகு மாதிரி மெலிந்து முடிய வேண்டும். நான் போட்ட முதல் ஸ்லைடை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் குப்பையில் போட்டார். இதையெல்லாம் சொல்லத் தேவையான ஆங்கில வினைச்சொற்கள் எனக்குள் ஏற்கெனவே இருந்தன. பத்து வருடமாகக் கையேட்டில் படித்தவைதானே. ஒரு நிமிடம் 52 வினாடி பேசியிருந்தேன். இலக்கணப் பிழை ஆறேழு இருந்தது, மௌனம் இல்லை.

யோசிக்கத் தரும் ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதப் பார்க்காதீர்கள். தேர்வில் தாளும் பென்சிலும் தருவார்கள். ஐந்து சொல் போதும். நான் எழுதுவது 'சொட்டு, சாய்வு, தள்ளு, குப்பை, கோபம்' என்று தமிழும் ஆங்கிலமும் கலந்த கிறுக்கல். ஆப்பில் குறிப்பெழுத இடமே வைக்கவில்லை. அதனால் காலாவதியான லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிப் பழகினேன்.

இனி, இந்த ஆப்பில் எனக்குப் பிடிக்காத பொத்தான். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே 'பேண்ட் 9 பதில்' என்று இருக்கும். அழுத்தினால் பளபளப்பாக ஒரு பத்தி வரும். அதைப் பார்த்துவிட்டால் நம் பதில் கந்தலாகத் தெரியும், அப்புறம் அதையே மனப்பாடம் செய்யத் தோன்றும். என் முதல் தேர்வில் இதைத்தான் செய்தேன். வேறொரு இடத்தில் வாங்கிய பதில்களை உருப்போட்டுக்கொண்டு போயிருந்தேன். இரண்டு வாக்கியம் ஒப்பித்ததுமே எக்ஸாமினர் கேள்வியை வேறு பக்கம் திருப்பிவிட்டார். ஒப்பித்த இரண்டு வாக்கியத்துக்கும் அதற்கடுத்துச் சொந்தமாகத் திக்கிய மூன்றாவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எக்ஸாமினர்கள் மனப்பாடத்தைக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள். அவர் காதில் அது விழாமலா இருந்திருக்கும்?

மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரே பதிலை ஒரே மாதிரி காலையில் சொன்னேன், மாலையில் சொன்னேன். 6.5, அப்புறம் 7. சந்தேகம் வந்து ஒரு சோதனை செய்தேன். 'உங்களுக்குப் பிடித்த பருவம் எது' என்ற கேள்விக்கு ரீஏஜென்ட் பெட்டித் தாளை எடுத்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்கவும், உறைய விடாதீர்கள், தோலில் பட்டால் கழுவவும். சொல்வளத்துக்கு 7.5 வந்தது. 'அரிய சொற்களைச் சிறப்பாகக் கையாண்டீர்கள்' என்று பாராட்டு வேறு. அன்றிலிருந்து அந்த எண் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் திரையைப் பார்த்தேன்.

ஆனால் அதே திரையில் இரண்டு விஷயங்கள் பொய் சொல்லவில்லை. ஒன்று, மௌனம் எங்கே விழுந்தது, எத்தனை வினாடி என்று காட்டும் கோடு. இரண்டு, திரும்பத் திரும்ப வரும் சொற்களின் எண்ணிக்கை. இரண்டு நிமிடப் பேச்சில் 19 'ஆக்சுவலி' சொல்லியிருந்தேன். என் மௌனங்கள் எல்லாம் வாக்கியத்தின் நடுவில் விழுந்திருந்தன. தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் அதை முன்னாலேயே சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. வாக்கியத்தைத் தமிழில் கட்டி முடித்துவிட்டுத் திருப்பிப் போட்டால் நடுவில் ஓட்டை விழாமல் என்ன செய்யும்? சின்னச் சின்ன வாக்கியமாக உடைத்து, 'அதனால்', 'ஆனால்' போட்டு ஒட்டிப் பேசத் தொடங்கினேன். ஓட்டைகள் வாக்கியத்தின் முடிவுக்கு நகர்ந்தன. அங்கே மூச்சு வாங்கினால் யாருக்கும் உறுத்தாது. ஆக்சுவலி 19-லிருந்து 4-க்கு இறங்கியது. அந்த நான்கும் என்னோடுதான் கட்டை ஏறும் போலிருக்கிறது.

மூன்றாம் பகுதியில் ஆப் சுத்தமாகத் தேறவில்லை. கற்றுக்கொடுப்பதில் இயந்திரம் மனிதரை மிஞ்சுமா என்று கேட்டது. மிஞ்சாது என்றேன். 'அருமை! அடுத்து, குழந்தைகள் பெரியவர்களைவிட வேகமாகக் கற்கிறார்களா?' என்றது. நான் சொன்னதை அது கேட்கவே இல்லை. தேர்வில் எக்ஸாமினர் நம் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியைப் பிடித்துக் கிளறுவார். இதற்கு மனிதர்தான் வேண்டும். இரவுப் பணியில் கூட இருக்கும் ரத்த வங்கி அக்காவிடம் போய் நின்றேன்.

"அக்கா, தினம் ஒரு பத்து நிமிஷம் வேணும். நான் இங்கிலீஷ்ல என்ன சொன்னாலும் நீங்க 'ஒய்'னு மட்டும் கேட்டா போதும்."

"என் பையன் மூணு வயசுல பண்ணதைத்தானே சொல்ற? பண்ணிடலாம் தம்பி."

அக்கா 'ஒய்'யோடு நிற்கவில்லை. இயந்திரம் மனிதரை மிஞ்சாது என்று நான் சொன்னதும், மெஷின் கோபப்படாதே, அது நல்லதுதானே என்று உடைந்த ஆங்கிலத்தில் மடக்கினார். எட்டு வினாடி முழித்தேன். அப்புறம், என் சீனியர் கோபப்பட்டதால்தான் இரண்டாவது ஸ்லைடு ஒழுங்காக வந்தது என்றேன். எல்லோருக்கும் அப்படியா, உனக்கு மட்டுமா என்றார். சந்தா கட்டிய ஆப்பிடமிருந்து ஒரு நாளும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

இரண்டாவது தேர்வில் முதல் கேள்வியே வேலையைப் பற்றித்தான். லேப் என்பதை இழுத்தேன். பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டேன், ஆட்டுக்குட்டி கத்தியதுபோல் இருந்திருக்கும். எக்ஸாமினர் முகத்தில் சலனமே இல்லை. கார்டில் இரண்டு நிமிடம் ஆனதும் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். முதல் தேர்வில் இப்படி நிறுத்தியபோது தொலைந்தோம் என்று நினைத்திருந்தேன். நேரம் முடிந்தால் நிறுத்துவது அவர்கள் வழக்கம், அவ்வளவுதான். ஆப்பின் மணி அடித்து அடித்துப் பழகியிருந்ததால் இந்த முறை பதறவில்லை.

ஸ்பீக்கிங் 7 வந்தது. ரைட்டிங் 6.5-லிருந்து 6-க்கு விழுந்தது, அது தனிப் புலம்பல். கம்ப்யூட்டரில் எழுதியதால் ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதும் வசதி இருக்கிறது, அதற்குப் பதிந்திருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒன்று டைமருக்கு, ஒன்று மௌனக் கோட்டுக்கு, ஒன்று அந்த மடிக்கு. நீங்கள் கட்டுவதாக இருந்தால் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். முதல் நாளே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அதை அமைப்புகளுக்குள் நான்கு அடுக்குக்குக் கீழே புதைத்து வைத்திருக்கிறார்கள், எனக்கு ஒரு மாதக் காசு அப்படித்தான் போனது. சந்தா முடிந்ததும் பதிவுகள் அழிந்துவிடும் என்பதையும் எங்கேயோ பொடி எழுத்தில்தான் போட்டிருந்தார்கள். கடைசி நாள் இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டேன். முதல் பதிவை மட்டும் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். 48 வினாடிப் பேச்சு, பின்னால் மாடிப்படியின் அமைதி. "தம்பி, இதுல நீ எங்க பேசுற?" என்றார்.