கறுப்புக் கழுத்தா, நீலக் கழுத்தா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒத்தக்கடை வீட்டுக்கு மக்காவ் என்ற பெரிய வெளிநாட்டுக் கிளியின் குஞ்சு ஒன்று வாங்கப் போனோம். விற்பவரிடம் அதில் இரண்டு இனங்கள்: புளூ கோல்டும் இருந்தது, புளூ த்ரோட்டும் இருந்தது. புளூ கோல்டைத்தான் எடுத்துவந்தோம்.

தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. முதுகு நீலம், நெஞ்சு மஞ்சள். நெற்றியில் பச்சையும் தாடைக்குக் கீழே கறுப்புப் பட்டையும் இருந்தால் புளூ கோல்டு. தொண்டை நீலமாக இருந்தால் புளூ த்ரோட்; அது உருவத்தில் சற்றுச் சிறியது. கூண்டு, தீனி, சத்தம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். குணத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. புளூ த்ரோட்டை அன்றைக்கு ஒரு மணி நேரம் பார்த்ததோடு சரி.

எங்களை முடிவெடுக்க வைத்தது இரண்டின் சொந்த ஊர். புளூ கோல்டு பனாமாவிலிருந்து பிரேசில், பொலிவியா வரை பரந்து வாழ்கிறது; அழியும் ஆபத்தை வைத்து உயிரினங்களைத் தரம் பிரிக்கும் சிவப்புப் பட்டியலில் இன்னும் கவலை குறைந்த வரிசையில்தான் இருக்கிறது. புளூ த்ரோட்டுக்கோ பொலிவியாவின் பெனி சமவெளியை விட்டால் வேறு இடமில்லை. காட்டில் மிச்சம் சில நூறு. கூண்டுப் பறவை வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே பெரும்பகுதி போயிற்று. 1984ல் பொலிவியா ஏற்றுமதியைத் தடுத்தது; 1992ல்தான் ஆய்வாளர்கள் அதைக் காட்டில் கண்டார்கள். அது தின்பது மொட்டாக்கு என்ற பனை இனத்தின் பழம், குஞ்சு பொரிப்பது பட்ட பனையின் பொந்து. மாட்டுப் பண்ணைக்காரர்கள் புல் துளிர்க்கத் தீ வைக்கும்போது இளம் பனங்கன்றுகள் கருகிவிடுகின்றன. மேலூர்ப் பக்கம் மொட்டைப் பனைப் பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சு தலை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மரத்தை வெட்டிய மறுவருஷம் அங்கே கிளிச் சத்தமே இல்லை.

"இதுவும் கூண்டில் பிறந்ததுதாண்ணே" என்றார் விற்பவர், புளூ த்ரோட்டைக் காட்டி. சரிதான். ஆனால் மக்காவ் 50 வருஷம்கூட இருக்கும். இப்படி அருகிப்போன இனத்தில் ஒன்றை ஒற்றையாக எங்கள் வராந்தாவில் வைத்தால் அத்தனை வருஷமும் ஒரு ஜோடி குறைகிறது. அது எனக்கு ஒப்பவில்லை. பெரிய பறவைக்கூடம் கட்டி, ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுக்கக்கூடியவர் கைக்குத்தான் புளூ த்ரோட் போக வேண்டும்.

அப்புறம், எதை வாங்கினாலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு எங்கே பிறந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் தராதவரிடம் இரண்டையுமே வாங்காதீர்கள்.