சாரணர் படையில் மதமும் அரசியலும்: பிரான்ஸ் வழியா, பிரிட்டன் வழியா, நம் வழியா?

ஒரு படையில் முப்பது பிள்ளைகள் சேர்ந்தால் முப்பது வீட்டுப் பேச்சும் கூடவே வரும். பூசை அறை உள்ள வீடு, ஐந்து வேளைத் தொழுகை நடக்கும் வீடு, பெரியார் படம் மாட்டிய வீடு, வாசலில் கட்சிக் கொடி பறக்கும் வீடு. இந்த வேறுபாடுகளைக் கையாள மூன்று நாடுகள் மூன்று வழிகளில் போயிருக்கின்றன.

பிரான்ஸ் பிரித்துவைத்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டுகள், யூதர், முஸ்லிம்கள், மதச்சார்பற்றோர் என்று அங்கே தனித்தனிச் சங்கங்கள் உண்டு. யூதச் சங்கம் 1923லேயே தொடங்கியது. 1940இல் உருவான கூட்டமைப்பு இவற்றை மேல்மட்டத்தில் இணைக்கிறது. உணவிலோ வழிபாட்டு நேரத்திலோ சச்சரவு எழாது. தன் சமயத்தைப் பிள்ளை ஆழமாகக் கற்கும். ஆனால் வாரந்தோறும் பக்கத்தில் அமர்பவன் பெரும்பாலும் தன்னைப் போன்றவனாகவே இருப்பான். பிற சமயத்தவரோடு பழகும் வாய்ப்பு எப்போதாவது நடக்கும் கூட்டு முகாமுக்காகக் காத்திருக்க வேண்டும்.

பிரிட்டன் ஒரே அமைப்புக்குள், சாரணராகச் சேரும்போது எடுக்கும் உறுதிமொழியை மட்டும் நெகிழ்த்தியது. இந்துப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் தத்தம் சமயச் சொல்லோடு உறுதி எடுக்கலாம். 2014 முதல் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள், கடவுளுக்கான கடமைக்குப் பதிலாகச் சாரணர் விழுமியங்களைக் காப்பதாக உறுதி கூறலாம். அங்குள்ள பெண் பிள்ளைகளுக்கான சாரணியர் அமைப்போ 2013இல் கடவுள் என்ற சொல்லையே நீக்கி, எல்லாருக்கும் பொதுவான வாசகம் ஒன்றைக் கொண்டுவந்தது. எனக்குச் சாரணர்களின் முறைதான் பிடித்திருக்கிறது. நம்புகிறவனின் சொல்லைப் பறிக்காமலே நம்பாதவனுக்கும் அது இடம் கொடுக்கிறது.

நாமும் பிரிந்திருந்தவர்கள்தாம். ஆங்கிலேயரின் சாரணர் இயக்கம் இந்தியப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்காததால்தான் 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் தனிச் சங்கம் தொடங்கினார். வடக்கே தேசியத் தலைவர் மதன் மோகன் மாளவியா முதலியோர் சேவா சமிதியின் பெயரில் இன்னொன்று கண்டார்கள். விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று, பாரத சாரணர் இயக்கமாக எல்லாம் ஒன்றாயின. உறுதிமொழியில் 'கடவுள்' அல்லது 'தர்மம்' என்று சொல்லலாம். முகாம்களில் சர்வ சமயப் பிரார்த்தனை நடக்கும்.

அந்தப் பிரார்த்தனை பெரிய செல்வம். வட்டமாக அமர்ந்திருக்கும்போது ஒருவன் கீதையிலிருந்து சொல்வான். அடுத்தவன் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஃபாத்திஹா ஓதுவான். இன்னொருவன் பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தைப் படிப்பான். நண்பனின் வேதத்தை அவன் குரலிலேயே பலர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்பார்கள். பிரான்சின் வழியில் இது அன்றாடம் கிடைக்காது.

குறையும் அங்கேயே இருக்கிறது. ஒரு முகாமில், பகுத்தறிவாளர் வீட்டுப் பையனைப் பிரார்த்தனை நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார்கள். சங்கடப்படுத்தக் கூடாதென்ற நல்லெண்ணம்தான். ஆனால் எல்லாரும் வட்டத்தில் இருக்க, அவன் மட்டும் சோற்றுப் பானைக்கு எதிரே தனியே நின்றான். தனக்குப் பிடித்த நாலு வரியை அவனையும் வாசிக்கச் சொல்லியிருக்கலாம். நம் பிரார்த்தனை வட்டத்தோடு பிரிட்டனின் மாற்று உறுதிமொழியும் சேர்ந்தால் மூன்று வழிகளிலும் அதுவே மேல் என்பேன்.

அரசியலில் நம் இயக்கம் கட்சி சாராதது. பிரிட்டனிலும் சீருடையோடு கட்சிக் கூட்டத்துக்குப் போக முடியாது. தேர்தல் நேரத்தில் உள்ளூர்ப் பிரமுகரை வரவேற்கப் பிள்ளைகளைச் சீருடையில் வரிசையாக நிறுத்தச் சொன்னால், சாரண ஆசிரியர் தயங்காமல் மறுக்க வேண்டும். தன் கட்சியையும் அவர் படைக்குள் கொண்டுவரக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு பெரியவர்களுக்குத்தான். ஏரியில் குப்பை அள்ளிய பிள்ளைகள், "இதைக் கொட்டியது யார், அனுமதித்தது யார்?" என்று கேட்டால் அரசியல் என்று வாயை அடைக்கக் கூடாது. ஊராட்சிக்கு அவர்களே கையெழுத்திட்டு மனு எழுதட்டும். அந்த மனுவைக் கட்சி மேடையில் படிக்க மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.