இரொதொரி: கட்டணமில்லாத ஜப்பானியப் பாடநூல், வகுப்பறையில்

ஜப்பான் பவுண்டேஷன் 2020-இல் வெளியிட்ட ‘இரொதொரி’ பாடநூலைக் கொண்டு தமிழ் மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளாக ஜப்பானியம் கற்பித்து வருகிறேன். மூன்று தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 18 பாடங்கள். நூலையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

வேலைக்காக ஜப்பான் செல்வோரின் அன்றாட வாழ்க்கையை மனத்தில் வைத்தே இந்நூல் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாம் பாடமே, “மன்னிக்கவும், சரியாகப் புரியவில்லை” என்று சொல்லப் பழக்குகிறது. புரியாவிட்டாலும் மரியாதைக்காகத் தலையாட்டிவிடும் மாணவர்கள் நாளை முதியோர் இல்லத்தில் பணிக்கு நிற்கப் போகிறவர்கள் என்பதால், இந்த வரிசைமுறையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒலிப்பதிவுகளும் அருமை. ‘ஒபசன்’ என்றால் அத்தை, ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. குறில் நெடில் அறிந்த நம் மாணவர்கள் இவ்வேறுபாட்டை விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள்.

குறை இலக்கணப் பயிற்சியில் இருக்கிறது. வினைச்சொல்லின் ‘தெ’ வடிவம் (நம் ‘சாப்பிட்டு’, ‘செய்து’ போன்ற வினையெச்சம்) வாயில் படிய வேண்டுமானால் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக வேண்டும். அதற்கு இந்நூல் தரும் பயிற்சிகள் போதவில்லை. இவ்வகையில் 1998-இல் முதலில் வெளிவந்த ‘மின்னா நோ நிஹொங்கோ’ என்ற மற்றொரு ஜப்பானியப் பாடநூலே எனக்குத் துணை. அதன் 14-ஆம் பாடத்தில் ‘தெ’ வடிவம் அறிமுகமாகி, மாற்றிச் சொல்லும் பயிற்சிகள் அடுத்தடுத்து வருகின்றன.

ஆயினும் தமிழருக்குக் கைகொடுக்கும் விளக்கம், நான் பயன்படுத்தும் இவ்விரண்டின் ஆங்கிலக் குறிப்புகளிலும் இல்லை. ‘தபெதெ மிரு’ என்பதை ‘முயற்சி செய்தல்’ என்று ஆங்கில வழியில் விளக்கியபோது ஒரு மாணவி விழித்தார். ‘தபெதெ’ என்றால் சாப்பிட்டு, ‘மிரு’ என்றால் பார் என்று கரும்பலகையில் பிரித்து எழுதியதும், “சாப்பிட்டுப் பார், அவ்வளவுதானே, சார்!” என்று அவரே முடித்துவிட்டார். ‘ஷிதெ ஒகு’ என்பதும் நம் ‘செய்து வை’யேதான். வினையெச்சத்தோடு துணைவினை சேரும் இந்த ஒற்றுமையை விளக்கும் நான்கு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்றை நானே எழுதி, நகலெடுத்துக் கொடுத்துவருகிறேன்.

இப்போதெல்லாம் இரொதொரியின் உரையாடலை நூலைத் திறக்காமல் இரண்டு முறை கேட்கச் செய்து, பிறகு அந்தக் குறிப்பை வாசித்து, மற்ற நூலின் பயிற்சியோடு வகுப்பை முடிக்கிறேன். இந்த வரிசையில் நடத்தத் தொடங்கிய பின்னர், மாணவர்கள் விடையை ஆங்கிலத்தில் யோசித்துவிட்டுப் பேசுவது பெரிதும் குறைந்திருக்கிறது.