முழு உடல் டைனமிக் பெட்: ஒரு மணி நேரத்தில் எதை வெட்டலாம்?

வழக்கமான பெட் ஸ்கேனில் எஃப்.டி.ஜி. என்னும் கதிரியக்கச் சர்க்கரையை ஊசியாகப் போட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து ஒரே ஒரு படம் எடுக்கிறார்கள். அதிலிருந்து வரும் எஸ்.யு.வி. எண், அந்த நேரத்தில் ஓரிடத்தில் எவ்வளவு மருந்து சேர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். திசு அதை எந்த வேகத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று அறிய வேண்டுமானால், ஊசி இறங்கும் நொடியிலிருந்தே தொடர்ந்து படமெடுத்து (இதுவே டைனமிக் பெட்), இரத்தத்தின் அளவையும் திசுவின் அளவையும் 1983இல் பட்லாக் முதலானோர் வெளியிட்ட வரைபட முறையில் பொருத்த வேண்டும். அந்தக் கோட்டின் சாய்வே கேஐ (Ki), அதாவது திசு மருந்தைப் பிடித்து வைக்கும் வேகம்.

இதற்கு ஆகும் 60 முதல் 75 நிமிடம்தான் சிக்கல். எஃப்.டி.ஜி. சிறுநீரில் வெளியேறுவதால், வழக்கமான ஸ்கேனுக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். டைனமிக் ஸ்கேனிலோ, நிரம்பிக்கொண்டே போகும் சிறுநீர்ப்பையோடு, கைகள் மரத்துப்போக, நோயாளி அசையாமல் கிடக்க வேண்டும். ஐம்பதாவது நிமிடத்தில் அவர் தோளை லேசாக நெளித்தால் அதுவரை எடுத்த படங்களோடு புதியவை பொருந்தாமல் போகும்.

இயந்திரம் நீளமானால் இது தீர்ந்துவிடும் என்பது பாதி உண்மை. உடலில் 194 செ.மீ. நீளத்தை ஒரே நேரத்தில் படமெடுக்கும் யுஎக்ஸ்புளோரர், 106 செ.மீ. எடுக்கும் குவாட்ரா ஆகிய பெட் இயந்திரங்கள் படத்தின் இரைச்சலை, அதாவது புள்ளிப்புள்ளியான தெளிவின்மையைப் பெரிதும் குறைக்கின்றன. ஆனால் பட்லாக் கோடு நேராவதற்கு உடல் எடுத்துக்கொள்ளும் அரை மணி நேரத்தை எந்த இயந்திரமும் சுருக்க முடியாது. ஆகவே நேரத்தைக் குறைப்பது எதை அளக்காமல் விடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

முதல் வழி, இரண்டு துண்டாக எடுப்பது. ஊசியோடு முதல் பத்து நிமிடம் எடுத்துவிட்டு, நோயாளியை இறக்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் சிறிது நேரம் எடுக்கிறார்கள். முதல் நிமிடத்திலேயே ஏறி இறங்கும் இரத்த வளைவின் (இரத்தத்தில் மருந்தின் அளவு நேரத்தோடு மாறுவதைக் காட்டும் கோட்டின்) உச்சி அந்த நோயாளியிடமே அளக்கப்படுகிறது. நடுவில் விடுபட்டதைக் கணக்கால் நிரப்பினால் போதும். விலை என்னவென்றால், பொதுவாக இன்னொரு சி.டி. தேவைப்படும், ஒரே நோயாளிக்காக இயந்திரத்தை இருமுறை ஒதுக்கி வைக்க வேண்டும், இறங்கி ஏறியவரின் உடல் முன்பு கிடந்தபடியே கிடக்காது.

இரண்டாவது வழி, தொடக்கத்தை அளக்காமலே விடுவது. பலரிடம் அளந்த இரத்த வளைவுகளின் சராசரியை எடுத்து, இவருடைய பெருந்தமனியில் பிற்பகுதியில் தெரியும் அளவுக்கு ஏற்றபடி கூட்டியோ குறைத்தோ பயன்படுத்துகிறார்கள். இருபது முப்பது நிமிடத்தில் ஸ்கேன் முடிந்துவிடும். நோயாளி சிறுநீர் கழித்துவிட்டே படுக்கலாம். அன்றாட மருத்துவமனைக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் ஊசி போட்ட வேகம், இதயத்தின் வலு, சிறுநீரகத்தின் நிலை ஆகியவை சராசரியிலிருந்து விலகினால் கேஐயும் விலகும். அந்த விலகல் உடல் முழுவதும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் விழுவதால், ஒரே ஸ்கேனில் நுரையீரல் கட்டியை நிணநீர்க் கணுவோடு ஒப்பிடுவதற்குக் கேடில்லை. கீமோவுக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடும்போதுதான் அது கட்டியின் மாற்றமா, வளைவின் பிழையா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. அங்கே முதல் வழியின் தொல்லையைப் பொறுத்துக்கொள்வதே நல்லது.

சராசரி வளைவும் வேண்டாம் என்று, பிற்பகுதி இரத்த அளவை மட்டுமே வைத்துச் சாய்வைக் கணிக்கும் சார்பு பட்லாக் முறையும் உண்டு. அது தருவது கேஐக்கு விகிதமான ஓர் எண்ணை மட்டுமே, கேஐயையே அல்ல. ஒரே எஸ்.யு.வி. படத்திலிருந்து ஆழ்கற்றல் என்னும் செயற்கை நுண்ணறிவு முறை மூலம் கேஐயை வரையும் முயற்சிகளைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு: ஒரே எஸ்.யு.வி. அளவை வெவ்வேறு வேகங்கள் தரக்கூடும் என்பதற்காகத்தானே டைனமிக் ஸ்கேனையே நாடுகிறோம்?

கல்லீரலைப் பார்க்க வேண்டியிருந்தால் மட்டும் கணக்கு வேறு. அங்கே பிடிபட்ட எஃப்.டி.ஜி. மெல்ல விடுபட்டுத் திரும்புவதால் பட்லாக் கோடு கீழ்நோக்கி வளைகிறது. ஸ்கேனை எவ்வளவு தாமதமாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு குறைவாகக் கேஐ தெரியும்.