இதய வால்வுத் தொற்று: நரம்பு ஊசியா, மாத்திரையா?

இதயத்தின் உட்சுவரிலும் வால்வுகளிலும் கிருமிகள் படிந்து வளரும் எண்டோகார்டைட்டிஸ் நோய்க்கு, நான்கு முதல் ஆறு வாரம் வரை நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக் செலுத்துவதே நெடுங்கால வழக்கம். வால்வில் படியும் கிருமித் திரளுக்குள் வெள்ளணுக்கள் எளிதில் புக முடியாததால், இரத்தத்தில் மருந்தின் செறிவு இடைவிடாது உயர்ந்திருக்க வேண்டும் என்பதே அதற்கான காரணம். அந்த உறுதியை ஊசி தருகிறது. ஆனால் வாரக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கையும், ஊசிக்குழாய் வழியே புதிய தொற்று நுழையும் அபாயமும் அதற்கான விலை.

டென்மார்க்கில் 400 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் அச்சான போயட் ஆய்வு இந்த வழக்கத்தை அசைத்தது. இறப்பு, திட்டமிடாத இதய அறுவை, இரத்தக்கட்டி அடைப்பு, கிருமி மீண்டும் இரத்தத்தில் தோன்றுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஊசியைத் தொடர்ந்தவர்களில் 12.1 சதவீதத்தினருக்கும், மாத்திரைக்கு மாறியவர்களில் 9 சதவீதத்தினருக்கும் நேர்ந்தது. இதைக் கொண்டு மாத்திரையே மேல் என்று சொல்லிவிட முடியாது. அது ஊசிக்குக் குறைந்ததல்ல என்பதே முடிவு.

முதல் நாளிலிருந்தே மாத்திரை என்று இதைப் படிப்பது பெரும்பிழை. குறைந்தது 10 நாள் ஊசி போட்டு, காய்ச்சல் தணிந்து, உணவுக்குழாய் வழி எக்கோவில் (ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) சீழ்க்கட்டி இல்லை என்று உறுதியான பிறகே, பெரும்பாலும் இரு வகை மருந்துகளைச் சேர்த்து, மாற்றினார்கள். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாத் தொற்றினருக்கு இந்த முடிவைப் பொருத்திப் பார்க்க அந்த ஆய்வு இடம் தரவில்லை. அவர்களுக்கு ஊசியே என் தேர்வு.