மைனரா, ஹெரால்டா, எம்ஜிபி ஜிடியா?

பிரிட்டனில் முதல்முறையாகப் பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் சுற்றிச் சுற்றி இந்த மூன்றிடம்தான் வந்து நிற்பார்கள்: மோரிஸ் மைனர் 1000, ட்ரையம்ஃப் ஹெரால்ட், எம்ஜிபி ஜிடி. மூன்றுக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது. அதனால் பழைய வண்டி என்று பதிந்துவிட்டால் சாலை வரி கட்ட வேண்டாம். பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. காசு கரையப்போவது துருவில்தான்.

என்ஜினுக்காக யாரும் பயப்பட வேண்டாம். மைனரில் இருப்பது மினியிலும் ஓடிய ஏ-சீரிஸ். எம்ஜிபியின் 1798 சிசி பி-சீரிஸ், நம் அம்பாசடரில் ஓடிய 1489 சிசி என்ஜினுக்கு அண்ணன். உதிரிப்பாகமும் கிடைக்கும், பிரித்து மாட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். தகடு அப்படியில்லை. பட்டி பார்த்துப் பளபளவென்று பெயிண்ட் அடித்த ஒரு மைனரை ஒருமுறை பார்க்கப் போனேன். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகடான சில்லில் காந்தத்தை வைத்தேன், ஒட்டாமல் கீழே விழுந்தது. கார்ப்பெட்டைத் தூக்கினால் ஓட்டை வழியாகத் தரையில் கிடந்த சரளைக்கல் தெரிந்தது. உரிமையாளர் பாவம், அவருக்கே தெரியாது போல.

மைனர் 1948-இல் வந்தது, அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பு. முன்மாதிரி வண்டி ஒடுக்கமாக இருக்கிறதே என்று அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் 4 அங்குலம் சேர்த்துப் பார்த்தார் மனிதர். பானெட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த அறுவைச் சிகிச்சையின் தழும்பு. பத்து லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு கதவு மாடலில் குழந்தைகளைப் பின்னால் உட்கார வைத்து நிம்மதியாக ஓட்டலாம். மரச்சட்டம் போட்ட டிராவலர் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த மரம் அலங்காரம் இல்லை, பின்பாதியைத் தாங்குவதே அதுதான். ஆஷ் மரம் உளுத்துவிட்டால் செலவு பெரிது.

மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன் என்ற மூட்டுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். காய்ந்து தேய்ந்துபோனால் ஒருநாள் திரும்பும்போது சக்கரம் மடங்கி வண்டி முகம் குப்புற உட்காரும். நான் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் கன்னோடு கீழே படுத்துவிடுவேன். பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி, பின்னால் புதியது வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

ஹெரால்டிலும் ட்ரனியன் உண்டு, ஆனால் அதற்கு கிரீஸ் கூடாது, இபி90 கியர் ஆயில்தான். மைனரிலிருந்து ஹெரால்டுக்கு மாறுகிறவர்கள் பலரும் சறுக்கும் இடம் இது. மற்றபடி, கற்றுக்கொண்டே ஓட்ட நினைப்பவருக்கு ஹெரால்டைப் போல ஒரு வாத்தியார் கிடையாது. ட்ரையம்ஃபுக்கு வண்டியுடல் செய்து கொடுத்த நிறுவனத்தைப் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டதால், 1959-இல் தனிச் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுத்தான் இதைக் கட்டினார்கள். அந்த இக்கட்டு இன்று நமக்கு வரமாகிவிட்டது. முன்பக்கம் முழுவதையும் அப்படியே முன்னோக்கிச் சாய்த்துவிட்டு, டயரின் மேல் உட்கார்ந்தே என்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக ஓடியதும் இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலொட்டி வரைந்த இந்த வண்டிதான். வாங்கும்போது சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைத் தட்டிப் பாருங்கள், முதலில் இற்றுப்போவது அவைதான். அப்புறம், வேகமாக வளைவில் போகும்போது சட்டென்று ஆக்சிலேட்டரை விடாதீர்கள். பின்சக்கரம் உள்ளே மடங்கி, பின்பக்கம் வெளியே வீசிவிடும்.

எம்ஜிபி வேறு ரகம். வேகமாகப் போகும்போது என்ஜின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் இருந்தால் மோட்டார்வேயில் 70 மைலில் அலட்டிக்கொள்ளாமல் போகும். மைனரோ 60-ஐத் தாண்டினால் பேச்சே கேட்காது. 1965-இல் வந்த, கூரை மூடிய ஜிடி, திறந்த ரோட்ஸ்டரைவிட மலிவாகக் கிடைக்கும், மழையிலும் நனையாது. பின்சீட்டு சிறுவர்களுக்கு மட்டும்தான். 1974-க்கு முந்தைய குரோம் பம்பர் வண்டிக்கு மவுசு அதிகம். அதற்குப் பிறகு ரப்பர் பம்பர் போட்டு உயரத்தையும் ஏற்றியதில் ஓட்டம் கொஞ்சம் கெட்டது. ஆனாலும் துரு இல்லாத ரப்பர் பம்பரா, துருப்பிடித்த குரோமா என்றால் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதைத்தான் எடுப்பேன். வண்டியின் பலமே சில்லில்தான் இருக்கிறது. உள்ளே இற்றுப்போன தகட்டின் மேல் புதுத் தகட்டை ஒட்டவைத்து விற்பார்கள். கதவுக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளி மேலே குறுகி, கீழே விரிந்திருந்தால் பேரமே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்று: 2021 முதல் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் என்றால் இ10. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். எத்தனால் குறைந்த சூப்பர் இ5 போடுங்கள், குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும், வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்றால் என் ஓட்டு நான்கு கதவு மைனருக்கு, அதுவும் 1962-க்குப் பிந்தைய 1098 சிசிக்கு. வாரம் இருநூறு மைல் ஓட்டுகிறவர் ஜிடியை எடுக்கட்டும். நல்ல சேசிஸோடு ஒரு ஹெரால்ட் கன்வர்ட்டிபிள் விலைக்கு வந்தால் மட்டும் எனக்கும் மனம் தடுமாறும்.